லாரி எஞ்சினின் சூடு மாறும்போது: கூலண்ட் முள்ளைப் படிக்கும் முறை

சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகும் லாரி, சேலமும் ஓமலூரும் கடந்து தொப்பூர் ஏற்றத்தைத் தொடும்வரை, எஞ்சினைக் குளிர்விக்க அதற்குள் ஓடும் கூலண்ட் (மருந்து கலந்த தண்ணீர்) எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை ஓட்டுநர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. சமதளத்தில், மீட்டரில் அந்தச் சூட்டைக் காட்டும் முள் ஒரே இடத்தில் நிற்கும், ஏற்றத்தில்தான் அசையும். வழக்கமாக 86 டிகிரியில் ஓடும் வண்டி ஏற்றத்தில் 92 வரை போய், மேலே ஏறி முடித்த சில நிமிடங்களில் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே வண்டி, அதே லோடு, அதே கியரில் ஏறும்போது முள் 99-ஐத் தொட்டு, மேலே போன பிறகும் இறங்காமல் அடம்பிடித்தால், ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். சிவப்புக் கோட்டை முள் இன்னும் தொடவில்லை என்பதால் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கோளாற்றைக் கண்டுபிடிப்பதற்கு ஏற்ற நேரம் இதுதான். சிவப்பைத் தொட்ட பிறகு நடப்பது பெரும்பாலும் செலவுக் கணக்குதான்.

முதலில் எஞ்சின் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது என்பதைப் பார்ப்போம். டீசலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடுதான் கிராங்க் ஷாஃப்டைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மீதியில் ஒரு பெரும்பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விட, இன்னொரு பங்கைக் கூலண்ட்தான் சுமந்துசென்று ரேடியேட்டரில் இறக்கிவைக்க வேண்டும். 180 குதிரைத்திறன் கொண்ட லாரி எஞ்சின் முழு வலுவில் இழுக்கும்போது கூலண்டுக்கு வந்துசேரும் வெப்பம் தோராயமாக 80 கிலோவாட் இருக்கும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் கீசர் 2 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், நாற்பது கீசர்கள் ஒரே நேரத்தில் எரிவதற்கு இது சமம். வாட்டர் பம்ப் கூலண்டைத் தள்ள, அது சிலிண்டர்களின் உட்சுவரான லைனர்களைச் சுற்றி ஓடி, சிலிண்டர் ஹெட்டில் ஏறி, தெர்மோஸ்டாட்டைக் கடந்து, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குள் நுழைந்து, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் பம்புக்கே வருகிறது.

இந்தச் சுற்றில் தெர்மோஸ்டாட் செய்யும் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டால், மற்றவை எளிதாக விளங்கும். அது ஒரு சிறிய வால்வு; அதன் உள்ளே மெழுகு அடைத்த பித்தளைக் குப்பி இருக்கிறது. சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து, வால்வைத் தள்ளித் திறக்கிறது. வால்வின் மேல் 82 என்று அச்சிட்டிருந்தால், அந்தச் சூட்டில்தான் திறக்கவே தொடங்கும் என்று பொருள். முழுதாகத் திறக்க இன்னும் பத்து, பன்னிரண்டு டிகிரி தேவைப்படும். காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் நெடுநேரம் சில்லென்றே இருந்து, பிறகு திடீரென்று சூடாவது இதனால்தான். அதுவரை கூலண்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல், பைபாஸ் என்னும் குறுக்கு வழியில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே, சமதளத்தில் முள் அசையாமல் நிற்பது ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. நேர்ச்சாலையில் சீராக ஓடும் வண்டி, தன் எஞ்சினின் வலுவில் பாதிக்கும் குறைவாகவே பயன்படுத்துகிறது. தெர்மோஸ்டாட்டும் அரைகுறையாகத்தான் திறந்திருக்கிறது. ரேடியேட்டரின் குளிர்விக்கும் திறனில் கால் பங்கு அடைப்பினால் போய்விட்டால்கூட, தெர்மோஸ்டாட் இன்னும் சிறிது திறந்து அதை ஈடுகட்டிவிடும். முள் அதே இடத்தில் நிற்கும். குறை வளர்ந்துகொண்டே போகும், அதைக் காட்ட வேண்டிய மீட்டரோ வாய் திறக்காது. முழு லோடில் நீண்ட ஏற்றம் வரும்போதுதான் வால்வு முழுதாகத் திறந்து, அதற்குமேல் திறக்க ஒன்றுமில்லாத நிலை வருகிறது. கையிருப்பு தீர்ந்த அந்தக் கட்டத்தில்தான் முள் உண்மை பேசத் தொடங்குகிறது. ஒரு வண்டியின் வழக்கமான சூட்டைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர், சமதளத்து எண்ணோடு, தான் அடிக்கடி ஏறும் ஒரே ஏற்றத்தின் உச்சியில் காட்டும் எண்ணையும், அது இறங்க எடுக்கும் நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும்.

குறிக்கும்போது அன்றைய வெயிலையும் சேர்த்தே குறிக்க வேண்டும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலண்டின் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில், 25 டிகிரிக் காற்றில் கூலண்ட் 90 காட்டினால் இடைவெளி 65. அதே லோடை 40 டிகிரி வெயிலில் இழுத்து, அதே அளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டுமானால் கூலண்ட் 105-க்குப் போயாக வேண்டும். நடைமுறையில் ஃபேன் கூடுதல் வேகத்தில் சுழன்று இதில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும் என்றாலும், மார்கழி விடியற்காலையில் 92 காட்டிய ஏற்றம் அக்கினி நட்சத்திர நண்பகலில் 97 காட்டினால், அதை வைத்து வண்டியைப் பட்டறையில் நிறுத்த வேண்டியதில்லை. பின்பக்கமிருந்து வீசும் காற்றுகூட ரேடியேட்டருக்குள் புகும் காற்றைக் குறைத்து, முள்ளை ஓரிரு டிகிரி உயர்த்தும்.

அடுத்து, முள் சொல்வது மெய்தானா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சிறு கணக்கே போதும். 30 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்றச் சுமார் 2,500 கிலோஜூல் வேண்டும். ரேடியேட்டர் துளியும் வேலை செய்யவில்லை என்றாலும், 80 கிலோவாட் வெப்பத்துக்கு அதற்கு அரை நிமிடம் பிடிக்கும். கூடவே சூடாக வேண்டிய இரும்புப் பிளாக்கையும் சேர்த்தால் இன்னும் நேரமாகும். எனவே ஒரே நொடியில் 85-லிருந்து 110-க்குத் தாவி, அடுத்த நொடியில் திரும்பிவிடும் முள் கூலண்டின் சூட்டைக் காட்டவில்லை. ஒயரில் கோளாறு இருக்கலாம், அல்லது சென்சாரின் முனையில் காற்றோ நீராவியோ மாறி மாறிப் படலாம். பழைய வண்டிகளின் ஒற்றை ஒயர் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும்; ஆகவே அந்த ஒயர் உரசிச் சேஸிஸில் பட்டுவிட்டால் முள் சூட்டுப் பக்கத்துக் கோடிக்கும், அறுந்துவிட்டால் குளிர்ப் பக்கத்துக் கோடிக்கும் போய் நிற்கும். ஹெட்லைட்டைப் போட்டதும் டீசல் முள்ளும் இதோடு சேர்ந்து அசைந்தால் குற்றவாளி எர்த் இணைப்புதான். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் ஸ்கேனரை மாட்டினால், கூலண்ட் வெப்பநிலைக்கு உரிய எஸ்பிஎன் 110 என்ற எண்ணின்கீழ் பிழை பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

சென்சாரின் மிக மோசமான பொய் வேறொன்று. கூலண்ட் வெகுவாகக் குறைந்துபோய்ச் சென்சாரின் முனை வெறும் காற்றில் தொங்கினால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் இறங்கிக் காட்டும். ஏற்றத்தின் நடுவில் முள் காரணமில்லாமல் சரிந்தால் மகிழ்ச்சியடையக் கூடாது. ஓரமாக நிறுத்திக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால், கைத்துப்பாக்கி வடிவில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் கூண்டின் மேல் பிடித்து, மீட்டர் காட்டும் எண்ணோடு ஒப்பிடலாம். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் இக்கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளப்பது நல்லது.

முள் மெய்யே சொல்கிறது என்று தெரிந்தபின், பணம் செலவாகாத சோதனைகளிலிருந்து தொடங்குவது முறை. எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்டின் அளவைப் பார்க்க வேண்டும். பிறகு ரேடியேட்டர் மூடி. சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், மூடி ஒரு பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தோ ரப்பர் வெடித்தோ போனால் இந்தப் பாதுகாப்பு முழுதும் போய்விடும்; கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலுள்ள ஊட்டியில், திறந்த தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால் மூடியின் அருமை தெரியும். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக ரேடியேட்டரையே இறக்கிய பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். கூலண்ட் குறையும்போதெல்லாம் வழியில் கிடைக்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றும் வழக்கமும் இங்கே கவனிக்க வேண்டியது. அந்தத் தண்ணீரில் உள்ள உப்பு, வீட்டுக் கீசரில் படிவதைப் போலவே ரேடியேட்டர்க் குழாய்களிலும் லைனர்ச் சுவரிலும் வெள்ளையாகப் படிந்து, வெப்பம் கடக்க விடாமல் தடுக்கும். கூடவே, துருவையும் லைனர் அரிப்பையும் தடுக்கக் கூலண்டில் கலந்திருக்கும் மருந்து நீர்த்துப்போகும்.

இதன்பின் கேட்க வேண்டிய கேள்வி: எப்போது சூடாகிறது? நல்ல மெக்கானிக் பானெட்டைத் தொடுவதற்கு முன் ஓட்டுநரிடம் இதைத்தான் கேட்பார். சுங்கச்சாவடி வரிசையிலும் நகர நெரிசலிலும் சூடேறி, சாலையில் வேகமெடுத்ததும் இறங்கிவிடும் வண்டியில் தண்ணீர் ஓட்டத்தில் குறையிருக்க வாய்ப்பு குறைவு, காற்றுதான் போதவில்லை. வண்டி ஓடும்போது தானாக வரும் காற்று, நிற்கும்போது ஃபேனை மட்டுமே நம்பியிருக்கிறது. பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு உடைந்து, தள்ளிய காற்றே திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கலாம், அல்லது விஸ்கஸ் ஃபேன் கிளச் செயலிழந்திருக்கலாம். இந்தக் கிளச்சின் முன்புறத்தில் இரட்டை உலோகச் சுருள் ஒன்று இருக்கிறது. ரேடியேட்டரைக் கடந்துவரும் காற்று சூடானதும் அச்சுருள் திரும்பி, உள்ளே இருக்கும் சிலிகான் எண்ணெய்க்கு வழிவிட, ஃபேன் எஞ்சினோடு இறுகச் சுழலும். ஏற்றத்தில் விமானம் கிளம்புவதைப் போல ஒரு இரைச்சல் எழுந்து சிறிது நேரத்தில் அடங்குமே, அதுதான் இது. முள் ஏறியும் அந்த இரைச்சல் வரவில்லை என்று ஓட்டுநர் சொன்னால் பாதி வேலை முடிந்தது. சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமில்லாமல் காற்றாடி போலச் சுழன்றாலோ, கிளச்சைச் சுற்றி எண்ணெய்க் கசிவு கதிர்க்கோடுகளாகத் தெரிந்தாலோ அதை மாற்ற வேண்டியதுதான்.

நின்றால் சரியாக இருந்து, ஏற்றத்திலும் அதிக வேகத்திலும் மட்டும் சூடாகும் வண்டியின் கதை வேறு. இங்கே ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். வெப்பமானியை அதன் பரப்பு முழுவதும் நகர்த்திப் பார்த்தால், அடைத்த குழாய்கள் இருக்கும் பகுதி சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து தனித்துத் தெரியும். பம்பின் உள்சக்கர இதழ்கள் அரித்துத் தேய்ந்திருக்கலாம். கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சு பக்கத்தில் இருப்பதால், பழசாகி இளகிய ஹோஸ், ரேஸ் கொடுக்கும்போது சப்பையாகி ஓட்டத்தை நெரிக்கும். அதற்காகவே பல ஹோஸ்களுக்குள் கம்பிச் சுருள் வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த அந்தச் சுருளைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ஹோஸை மாட்டிய வண்டிகளும் உண்டு.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பத்துச் சக்கர வண்டிக்கு நேர்ந்தது இதில் ஒருவகை. தொப்பூர் ஏற்றத்தில் 92 காட்டிவந்தது, இரண்டு மாதத்தில் 99 ஆனது. காட்டிய முதல் பட்டறையில், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். அப்படியே செய்தும் கொடுத்தார்கள். மறுவாரம் சமதளத்தில் முள் 68-ஐத் தாண்டவில்லை. ஓட்டுநருக்கு மகிழ்ச்சி. ஆனால் ஏற்றத்தில் 101.

வால்வை எடுத்தபின் ஏற்றத்தில் சூடு குறையாமல் கூடியது எப்படி? அந்த எஞ்சினின் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. மேல் தட்டு ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போது, கீழ்த் தட்டு இறங்கிப் பைபாஸ் துளையை அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் சூட்டோடு சூடாக எஞ்சினுக்கே திரும்பும். வெப்பம் குறைவாக உள்ள சமதளத்தில் எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்துபோவதும், எல்லாத் தண்ணீரும் ரேடியேட்டருக்குப் போக வேண்டிய ஏற்றத்தில் போகாமல் இருப்பதும் ஒரே காரணத்தால்தான். அந்த வண்டியில் மெய்யான கோளாறு வெளியே, கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருந்தது. முன்னாலிருந்து பார்த்தால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருந்தது; அதன் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்னால் சாய்த்தபோது, அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருந்த விரற்கடை இடைவெளியில் சிமெண்ட் தூசியும் வைக்கோல் துகளும் பூச்சி இறக்கைகளும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி, கம்பளி போலப் படிந்திருந்தன. பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி மிதமான அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவி, புதுத் தெர்மோஸ்டாட் போட்டதும் ஏற்றத்தில் 93-க்குத் திரும்பியது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்பதால், பல வண்டிகளில் ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சரும் முன்னால் ஓர் அடுக்காகச் சேரும். அடுக்குகளுக்கு இடையே பார்க்கும் வேலை இனிக் கூடவே செய்யும்.

தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் எறிய வேண்டியதில்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அடிப்பாகத்தைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வைத்தால் எத்தனை டிகிரியில் திறக்கத் தொடங்குகிறது என்பது கண்முன்னே தெரியும்.

முள் தாழ்ந்து நிற்பதும் ஒரு நோய்தான். நீண்ட இறக்கத்தில் டீசல் எரியாததால் சற்று இறங்குவது இயல்பு. சமதளத்திலும் 70-ஐத் தாண்டாமல் இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள். குளிர்ந்த லைனரில் எரியாத டீசல் படிந்து எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், எஞ்சின் ஆயிலில் நீரும் அழுக்கும் சேர்ந்து சேறாகும், மைலேஜ் குறையும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி தயாரான வண்டிகளில், எஞ்சின் போதிய சூட்டை எட்டாவிட்டால் புகைவடிகட்டியைச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் தொடங்காமல் தள்ளிப்போகும். வடிகட்டி அடைத்துவிட்டது என்று எரியும் விளக்குக்குக் காரணம் இந்தச் சிறு வால்வாக இருக்கக்கூடும் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை.

கீழே ஒரு சொட்டுக்கூட விழாமல் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தால், அது உள்ளே எங்கோ போகிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் பாலூற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலோடு கலந்திருக்கிறது. சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் விட்டிருந்தால், சிலிண்டரின் அழுத்தம் கூலண்டுக்குள் புகுந்து, காலையில் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே, இன்னும் சூடேறாத மேல் ஹோஸ் கல்லாக இறுகும்; தொட்டியில் குமிழிகள் விடாமல் வரும். சூடு ஏறுவதற்கு முன்பே அழுத்தம் ஏறுகிறது என்பதுதான் இங்கே அடையாளம். புகையை மறுசுழற்சி செய்யும் இஜிஆர் கூலர் உள்ளே வெடித்திருந்தாலும் கூலண்ட் புகையோடு வெண்ணிற ஆவியாகப் போய்விடும். கேஸ்கெட்டுக்காக ஹெட்டை இறக்குவதற்கு முன், அந்தக் கூலரைத் தனியே அழுத்தச் சோதனை செய்யச் சொல்வது உரிமையாளரின் பணத்தைக் காப்பாற்றக்கூடும்.

இனி, ஏற்றத்தின் நடுவிலேயே முள் ஏறத் தொடங்கினால் என்ன செய்வது? சிவப்பைத் தொடாதவரை, ஒரு கியர் குறைத்து, ஆக்ஸிலேட்டரைச் சற்று விட்டு ஏறுவது நல்லது. எஞ்சின் சுழற்சி கூடுவதால் பம்பும் ஃபேனும் வேகமெடுக்க, எரியும் டீசலோ குறைகிறது. ஏசி ஓடினால் நிறுத்திவிட வேண்டும். ஓரம்கட்டியபின், கூலண்ட் வெளியேறவில்லை, பெல்ட்டும் அறவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்தாமல் ஐடிலுக்குச் சற்று மேலான சுழற்சியில் சில நிமிடம் ஓடவிட்டால், பிளாக்கில் தேங்கிய சூடு இறங்கும். கூலண்ட் கொட்டிவிட்டாலோ, பெல்ட் அறுந்தாலோ, முள் சிவப்பில் இருந்தாலோ உடனே நிறுத்தியாக வேண்டும்.

சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தால் அடங்கியிருக்கும் 105 டிகிரித் தண்ணீர், மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாக வெடித்து முகத்தில் அடிக்கும். ஈரத்துணியைப் போட்டுத் திறப்பதும் பாதுகாப்பல்ல. மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் எளிதாக அமுங்கும் அளவுக்கு ஆறும்வரை, அது முக்கால் மணி நேரமானாலும், காத்திருக்க வேண்டும். பிறகும் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் சூடான ஹெட் விரிசல் விடும் என்பதால், எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டபடி சிறுகச் சிறுக ஊற்றி, காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்போது இறுக்க வேண்டும்.